தினேஷுக்கு எடுத்து வைத்த சட்டைகள்

ஊட்டி மார்க்கெட்டின் கீழ்வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் பழைய துணி விற்றுக்கொண்டிருந்தார் அந்த அக்கா. அவரிடம் எதை எடுத்துக் காட்டினாலும் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்.

"யாருக்கு?"

பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. பதில் வரும்வரை துணியின் மறுமுனையை அவர் விடமாட்டார். எனக்கு என்று சொன்னால் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். மனைவிக்கு என்றால் அவர் எவ்வளவு உயரம், என்ன வேலைக்குப் போகிறார், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்றெல்லாம் விசாரிப்பார். கையிலிருந்ததைக் குவியலில் போட்டுவிட்டு, அடியிலிருந்து வேறொன்றை உருவி எடுத்து, "இது எடுத்துட்டுப் போங்க, இதுதான் அவங்களுக்கு ஆகும்" என்பார். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

வெளிநாடுகளில் போட்டுக் கழித்த துணி, பேல் பேலாகக் கட்டி வரும். கம்பளிக் கோட்டு, ஸ்வெட்டர், ஜெர்கின், குழந்தைகளின் குல்லாய். வியாழக்கிழமை அவர் புதுப் பேல் பிரிப்பார். சனிக்கிழமை மத்தியானம் குன்னூரில் என் ஆபீஸ் முடிந்ததும் நான் பஸ் ஏறி ஊட்டிக்குப் போய்விடுவேன். தேயிலை ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்குக் கணக்கர் வேலை. எனக்கு வேண்டியது கோட்டும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. பழைய கால்பந்துச் சட்டைகள். அந்த பேல்களுக்குள் எப்போதாவது இத்தாலியிலோ ஜெர்மனியிலோ முப்பது வருடத்துக்கு முன் யாரோ வாங்கிய ஒரு அணியின் சட்டை, பனியன்களோடு பனியனாகச் சுருண்டு கிடக்கும். அதன் மதிப்பு விற்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைப் போன்றவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தோம். புதிதாக ஒன்று கிடைத்தால் படம் எடுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் வயிறு எரிய வேண்டும். அதுதான் எங்கள் சந்தோஷம். நான் ஒரு நாளும் ஒழுங்காகப் பந்து உதைத்தவன் இல்லை.

முதல் தடவை அந்தக் குவியலில் நீலமும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு சட்டைக் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"உனக்குப் பத்தாது கண்ணு. பொய் சொல்லாத."

"போடறதுக்கு இல்லீங்க. சும்மா வெச்சுக்கறதுக்கு."

"வெச்சுக்கறதுக்கா?" அவர் நெற்றி சுருங்கியது. "இது என்ன நகையா, நட்டா? துணிய எதுக்கு வெச்சுக்கறது?" சட்டையை என் கையிலிருந்து உருவி, தாம் உட்கார்ந்திருந்த மரப்பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் எவ்வளவு கேட்டும் தரவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை போய் நின்றதும் நானே சொன்னேன்: "என் தம்பிக்குங்க்கா. காலேஜ் டீம்ல ஆடறான்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பேரென்ன?"

எனக்குத் தம்பி கிடையாது. ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன் பெயர் வாயில் வந்தது. "தினேஷ்."

"உன்னைவிட ஒல்லியா?"

"ஆமாங்க்கா."

சட்டையை உதறி, மடித்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். இப்படித்தான் என் தம்பி பிறந்தான்.

அவருடைய அந்தக் கேள்வி மார்க்கெட்டில் பலருக்கு வேடிக்கை, சிலருக்கு எரிச்சல். ஒரு தடவை எஸ்டேட் மேனேஜர் ஒருவரின் மனைவி ஜீப்பில் வந்து இறங்கினார். எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதற்காக ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டச் சொன்னார். ஒரு மாதத்து வியாபாரம் ஒரே கையில் வந்து நிற்கிறது. இவர் எழுந்திருக்கவே இல்லை.

"யாரு யாருக்குங்கம்மா?"

"வொர்க்கர்ஸுக்குத்தான்."

"அவங்க பேரு என்ன, வயசு என்ன? கைக்கொழந்தை எத்தனை ஊட்ல இருக்குது?"

அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுட்டு வாங்கம்மா, எடுத்து வெக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். பக்கத்தில் பூண்டு விற்றவர், "உனக்குப் பைத்தியமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அதே ஜீப் வந்தது. அந்தம்மா கையில் ஒரு நோட்டு. வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பெட்டிமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் படிப்பதும் துணியை எடுப்பதுமாக இருந்ததை நான் நின்று பார்த்தேன்.

இன்னொரு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்தார். இவர் வழக்கம்போலக் கேட்டார்.

"எங்கப்பாவுக்குங்க. காலைல எறந்துட்டாரு. நாளைக்கு அடக்கம்."

நானாக இருந்தால் எடுத்துப் போங்கள் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இவர் கேட்டார்: "முதுகு கூனலா, நேரா?"

"கடைசில கொஞ்சம் கூன் விழுந்துருச்சுங்க."

"அப்ப இது வேண்டாம். பின்னாடி தூக்கிக்கும்." தேடித் தேடி, உள்ளே துணி வைத்துத் தைத்த கனமான கோட்டு ஒன்றை எடுத்தார். நடுப் பொத்தான் இல்லை. ஊசியில் நூல் கோத்து, வேறொரு கோட்டிலிருந்து பொத்தானை அறுத்துத் தைத்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டு நீட்டினார். "கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு உடுங்க. அவருக்கும் குளுருமில்ல."

அந்த ஆள் அதுவரை அழவில்லை என்று நினைக்கிறேன். கோட்டை வாங்கிய பிறகுதான் அழுதார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் நான் அவரிடம் நான்கு வருடம் பொய் சொன்னேன்.

தினேஷ் வளர்ந்தான். வளர்க்க வேண்டியிருந்தது. ஸ்பெயின் அணியின் அருமையான சட்டை ஒன்று பெரிய அளவில் வந்தபோது, "அவனுக்குத் தொளதொளன்னு இருக்கும்" என்று அவர் ஒதுக்கினார். "இப்ப ஜிம்முக்குப் போறான்க்கா, நெஞ்சு அகலமாயிருச்சு" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு பெரிய அளவுச் சட்டைகளும் எனக்கு வர ஆரம்பித்தன. தம்பியைக் கூட்டி வரச் சொல்லி நச்சரித்தபோது, விளையாட்டில் முட்டி பிசகிவிட்டது என்றேன். அடுத்த வாரம் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் எடுத்து வைத்திருந்தார். "காந்தல் கோயில்ல அவன் முட்டிக்குன்னு மெழுகுத்திரி ஏத்திட்டு வந்தேன்" என்றார். தைலத்தை என் முதுகுவலிக்குப் பூசிக்கொண்டேன். பிறந்த நாள் கேட்டார். நினைவில் வந்த முதல் தேதியைச் சொன்னேன், அக்டோபர் இரண்டு. "காந்தி பொறந்த அன்னிக்கா!" என்று பூண்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

பேலில் கால்பந்துச் சட்டை எது வந்தாலும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை. பெட்டிக்கு அடியில் தனிப் பையில் போட்டுவைப்பார். "தினேஷுக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்பார். குழுவில் என்னைவிட நல்ல சேகரிப்பு யாரிடமும் இல்லை என்ற நிலை வந்தது.

நான்காவது வருடம் காந்தி ஜெயந்தி விடுமுறை. குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். நனைந்த குடையும் கையில் பேப்பர் பொட்டலமுமாக அவர் நின்றார்.

"நீ சொன்ன ஊர்ப் பேர வெச்சு வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. எங்க கண்ணு தம்பி?"

"வெளிய போயிருக்கான்க்கா."

"பொறந்த நாளும் அதுவுமா ஊட்ல இருக்க மாட்டானா? சரி, வரட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பின்பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தார். அம்மாவை எப்படியாவது உள்ளே வரவிடாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் சமையலறைக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பொட்டலம் மட்டும் அதன்மேல் கிடந்தது. என் அறைக் கதவு திறந்திருந்தது.

வெயில் பட்டு நிறம் போகக் கூடாதென்று ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருப்பேன். சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி. அதில் அறுபத்திரண்டு சட்டைகள், ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள், கழுத்தில் கிடைத்த தேதி எழுதிய வெள்ளை அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தன. அறை முழுக்க அந்துருண்டை வாசம். அவர் நடுவில் நின்று ஒவ்வொரு உறையாகத் தொட்டார். ஒன்றைத் திறந்து சட்டையை முகர்ந்தார். போட்டு வேர்த்த வாடை அதில் இல்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவருடைய முகம் சுருங்கிச் சிறுத்திருந்தது.

"எப்பக் கண்ணு?"

"என்னதுங்க்கா?"

"எப்பப் போனான் என் தங்கம்?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் உச்சந்தலையில் ஏதோ விழுந்தது போலிருந்தது. அந்த நொடியில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் செத்தவனாகவே இருந்துவிட்டால் இனி யாரும் அவனைக் கூட்டி வா என்று கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு எண்ணம் எனக்குள் ஓடியது, அதுதான் உண்மை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கதறிவிட்டார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணங்காரன் நீ எப்படித் தாங்குன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே கண்ணு" என்று அழுதார். அவர் உடம்பு குலுங்கக் குலுங்க என் நெஞ்சில் இடித்தது. சத்தம் கேட்டு அம்மா கையில் கீரையோடு ஓடிவந்தார்.

"என்னாச்சு? யாருங்க நீங்க? எதுக்கு அழுவறீங்க?"

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டார். "பெத்த வயிறு எப்படித் துடிச்சிருக்கும்! உங்க சின்ன மகனப் பாக்கத்தானுங்க வந்தேன். இப்படிப் பறிகொடுத்துட்டு நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க..."

"என்னங்க சொல்றீங்க?" அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எனக்கு இவன் ஒருத்தன்தானுங்க."

அவருடைய கை அம்மாவின் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அழுகை நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வழி தெரியாத ஊரில் நின்று விசாரிக்கிறவரைப் போலக் கேட்டார்.

"தினேஷுன்னு ஒருத்தன் இல்லவே இல்லியா?"

"இல்லீங்க்கா."

"முட்டில அடிபட்டது?"

அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினேன். கீரை அம்மாவின் கையிலிருந்து தரையில் விழுந்தது.

திட்டுவார், சபிப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கம்பியின் பக்கம் திரும்பி, பச்சைச் சட்டை ஒன்றின் உறையைப் பிடித்தார். "இது அந்த மாட்டுக்காரப் பையன் கேட்டது. மழைல நனைஞ்சு வந்து நின்னான். தினேஷுக்குன்னு சொல்லி அனுப்புனேன்." இன்னொன்றை இழுத்தார். "இது எஸ்டேட்ல கொழுந்து எடுக்கற புள்ளை. உள்ளாற போட்டுக்கறேன்க்கா, கெட்டியா இருக்குன்னு கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன்." மஞ்சள் சட்டைக்கு வந்தார். "இது காந்தல்ல இருந்து வருவாரே, லாட்ஜ் வாட்ச்மேன். அவரு புள்ளை ஸ்கூல் டீம்ல சேந்துருக்குதுன்னு ஆசையாக் கேட்டாரு." ஒரு சட்டையைக்கூட அவர் மறந்திருக்கவில்லை. எதற்காக யாரைத் திருப்பி அனுப்பினார் என்பதும் நினைவிருந்தது. அந்த அறையில் நான் ஆயிரம் தடவை நின்றிருக்கிறேன். ஒவ்வொரு சட்டைக்கும் பின்னால் ஒரு ஆள் வெறுங்கையோடு நின்றிருக்கிறார் என்று ஒரு தடவையும் எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா டீ போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லாமல் முழுதும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். நனைந்திருந்த பேப்பர் கிழிந்து, உள்ளே இருந்தது தெரிந்தது. ஒரு பாதி அடர்சிவப்பு, மறுபாதி நூல்போலச் சிவப்பும் வெள்ளையுமான கோடுகள். டென்மார்க் அணியின் பழைய சட்டை. எங்கள் குழுவில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது. படத்தில் மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

அந்த நேரத்திலும் என் கண் அதன் கழுத்துப் பட்டையில் இருக்கும் அச்சைத் தேடியது. ஒரிஜினல்தானா என்று பார்க்க என் கை தானாக நீண்டது.

அதை அவர் பார்த்துவிட்டார். தம்பி இல்லை என்று கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. ஒரு அடி பின்னால் போனார். சட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும், "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு போடும்போது சொன்னார்: "இல்லாத பொறப்ப உண்டாக்கி, அதையும் நீயே கொன்னுட்டியேடா."

சனிக்கிழமை மூன்று பெரிய பைகளில் சட்டைகளை அடைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார்."

நான்கு வருடம் கண்ணு என்று கூப்பிட்டவர். பூண்டுக்காரர்கூடத் தராசை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இதெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. வேணுங்கறவங்களுக்குக் குடுங்க."

"வித்தத நான் திருப்பி எடுக்கறதில்லீங்க சார். உங்க பொருளு. நீங்க பாத்துக்குங்க." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

பிறகும் சில தடவை அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் போவதை நிறுத்திவிட்டேன். அடுத்த வருடம் கீழ்வாசலில் அவர் இடத்தில் மோமோ வண்டி ஒன்று நின்றது. மகள் வீட்டோடு இருக்கக் கூடலூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார் பூண்டுக்காரர். ஊர் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

குழுவிலிருந்து விலகினேன். அறையில் அந்த அக்கா சுட்டிக்காட்டிய சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து, அந்த ஆட்களைத் தேட ஆரம்பித்தேன். மாட்டுக்காரப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டானாம். கொழுந்து எடுத்த பெண் எந்த எஸ்டேட் என்றே தெரியவில்லை. லாட்ஜ் லாட்ஜாக விசாரித்துக் கடைசியில் வாட்ச்மேனை மட்டும் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காந்தலில் அவர் வீட்டு வாசலில் மஞ்சள் சட்டையோடு போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவர் சட்டையை விரித்துப் பிடித்துச் சிரித்தார். "என் பொண்ணு இப்பப் பந்தெல்லாம் ஆடறதில்லீங்க. கோயமுத்தூர்ல நர்ஸிங் படிக்குது."

"அன்னிக்கு உங்க பொண்ணுக்கு ரொம்ப வருத்தமா இருந்திருக்குமுங்க" என்றேன்.

"வருத்தமெல்லாம் இல்லீங்க. அந்தக்கா எங்களைச் சும்மா அனுப்பலையே." சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். "பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமைங்க. காலைல புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் ஒருத்தர் தம்பிக்கு வாங்கிட்டுப் போவாரு, சொல்லி வெச்சுட்டேன், இல்லைன்னு சொல்ல முடியாதுன்னுச்சு. நாங்க மேல் ரோடு ஏறிட்டோம். பின்னாடியே ஓடி வந்துச்சுங்க. போட்டுட்டிருந்த ஸ்வெட்டரக் கழட்டிப் புள்ளை கைல குடுத்து, வெளையாடி முடிச்சு வேர்வையோட நிக்கறப்ப இத மாட்டிக்கணும் சாமி, இல்லைன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும்னு சொல்லுச்சு. வேண்டாங்க்கா, உங்களுக்குக் குளுரும்னு நான் எவ்வளவோ சொன்னேன். குவியல்ல எல்லாம் பெருசு, இதுதான் புள்ளைக்குப் பத்தும்னு சொல்லிட்டு எறங்கிப் போயிருச்சு. அன்னிக்குப் புல்லெல்லாம் வெள்ளையா ஒறைபனி கெடந்துச்சுங்க. என் பொண்ணு இன்னும் அதத்தான் போட்டுட்டிருக்குது."

சட்டையின் கழுத்தில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையெழுத்துதான். அதிலிருந்த தேதி, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை.

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவு வந்தது. நான் போனபோது அக்கா பெட்டிமேல் உட்கார்ந்து, தோளைச் சுற்றி ஒரு அரிசிச் சாக்கைப் போர்த்தியிருந்தார். சட்டையை நீட்டிய கை நடுங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.